மாமன் ஒளித்த மஞ்சப்பை

அத்தியாயம் பதினொன்று

காவிரி டெல்டாவில் உருப்படியாக எதையாவது கட்டியவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர் கல்லணையைக் கட்டிய ராஜா. இன்னொருவர் வாஞ்சிநாதன்.

சொன்னது வாஞ்சிநாதன்தான். சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பாடப்புத்தகத்தில் விட்டுப்போன பக்கத்தைப் படித்துக் காட்டுகிறவன் மாதிரி இருந்தான்.

“அவரு ஆத்தைக் கட்டினாரு. நான் குழந்தைங்க ஒண்ணுக்கைக் கட்டினேன். ரெண்டும் தண்ணி சமாச்சாரம். தண்ணியைக் கட்டத் தெரிஞ்சவன்தான் நாகரிகம் உள்ளவன். என்ன ஒண்ணு, அவருக்கு டயப்பர் ஏஜென்சி கிடையாது.”

“அவரு கட்டினது இன்னும் நிக்குது. நீங்க கட்டுறது ஒரு ராத்திரி தாங்கினா பெரிசு” என்றாள் பிரகதீஸ்வரி.

பிரகதீஸ்வரி அவன் மனைவி. தஞ்சாவூரில் வேதியியல் டீச்சர். யார் எந்தப் பெருமையைப் பேசினாலும் அதில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்ப்பது அவள் வழக்கம்.

ஃபாஜிலோடு சேர்த்து மூன்று பேரும் அவனுடைய குட்டியானை வண்டியில் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து திருக்காட்டுப்பள்ளி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஃபாஜில் நாகப்பட்டினத்துக்காரன். ஓமானில் சம்பாதித்த காசில் இந்த வண்டியை வாங்கி, வாஞ்சிநாதனின் ‘பூங்குட்டி’ டயப்பர் பெட்டிகளை வேளாங்கண்ணியிலிருந்து இந்தப் பக்கம் வரை கடை கடையாய் இறக்குகிறவன். வண்டியின் பக்கவாட்டில் ஒரு குழந்தை பொக்கை வாயோடு சிரித்தது. அதன் தலைக்கு மேல் வாஞ்சிநாதனே யோசித்து எழுதிய வாசகம்: ‘துவைத்தது போதும் தாயே’.

பின்னால், சாமிக்குப் படைக்கும் பழத்தட்டு, தேங்காய் மூட்டைக்கு நடுவே, ஒரு பெட்டி தனியாகப் பயணம் செய்தது. எட்டு மாதமாகக் கிடங்கில் யாரும் தொடக்கூடாது என்று வாஞ்சிநாதன் வைத்திருந்த பெட்டி. காலையில் அவனே அதன் மேலிருந்த சிலந்திக்கூட்டைத் துடைத்து ஏற்றினான்.

அந்தப் பெட்டியின் கதை வாசகர்களுக்குத் தெரியும். ஆனாலும் வாஞ்சிநாதன் மனதில் அது தினமும் ஒருமுறை ஓடுவதால் நாமும் ஒருமுறை ஓட்டிவிடலாம்.

தங்கை மதுவந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாகப்பட்டினத்து அம்மன் பேரை வைத்தார்கள்: நீலாயதாட்சி. கூப்பிடுவது நீலா. தொட்டிலில் போடும் நாளில் தாய்மாமன் சீர் என்று வாஞ்சிநாதன் மேளத்தோடு போய் இறங்கினான். பொத்தானை அமுக்கினால் தானே ஆடித் தானே பாடும் பிளாஸ்டிக் தொட்டில். ஒரு பெட்டி நிறைய டயப்பர். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

மதுவந்தி வெற்றிலை பாக்கையும் பூவையும் எடுத்துக்கொண்டாள். தொட்டிலையும் பெட்டியையும் அதே வண்டியில், அதே மேளக்காரர்கள் காபி குடித்து முடிப்பதற்குள், திருப்பி ஏற்றிவிட்டாள்.

“ஆயிரம் வருஷத்துக்கு மக்காது. இவ பேரனுக்குப் பேரன் காலத்துலயும் இவ இடுப்புல கட்டினது மண்ணுக்குள்ள அப்படியே கிடக்கும். வேண்டாம்ணே” என்றாள்.

தாய்மாமன் சீர் திரும்பிய வீடு என்று தெருவில் பேச்சாயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் வாஞ்சிநாதனுக்கு ‘ரிட்டன் மாமா’ என்று பெயர் வைத்தான். பெயர் அவனைவிட வேகமாக ஊர் சுற்றியது. போன மாதம் மன்னார்குடியில் ஒரு மருந்துக்கடைக்காரர், “வாங்க ரிட்டன் சார்” என்றே கூப்பிட்டுவிட்டார்.

அன்றோடு வாஞ்சிநாதன் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

போன வாரம்தான் தங்கை புருஷன் சேரன் தாம்பூலத் தட்டோடு வந்தான். குலதெய்வம் கோயிலில் மொட்டை, மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்றான். காது குத்து உண்டா என்று கேட்டதற்கு, “காது அவளோடது மச்சான். வளர்ந்து அவளே கேட்டா குத்திக்கட்டும். முடின்னா திரும்ப வளந்துடும், அதனால மதுவந்தி சரின்னுட்டா” என்றான்.

“அப்ப பாதி மாமனைக் கூப்பிட வந்திருக்கீங்க” என்றான் வாஞ்சிநாதன். ஆனால் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டான். ஏனென்றால் அந்த நிமிடமே அவனுக்கு ஒரு திட்டம் பிறந்துவிட்டது.

இப்போது வண்டியில் அதை வெளியிட்டான். முழுதாக இல்லை. முடிவை மட்டும்.

“இன்னிக்கு அவ வாயால கேக்கணும். ‘அண்ணே, ஒரு டயப்பர் இருந்தா குடு’ன்னு. உறவு அத்தனையும் பாக்கணும். நான் அந்த ரிட்டன் பெட்டியைப் பிரிச்சு, அதுலேருந்து எடுத்துக் குடுக்கணும். அதோட என் வயிறு குளுந்துடும்.”

“கேக்கலைன்னா?” என்றாள் பிரகதீஸ்வரி.

“கேப்பா.”

“அது குழந்தைக்குச் சேரணுமே. சைஸ் கியிஸ் பாத்தீங்களா?”

வாஞ்சிநாதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “டீச்சர், நான் குழந்தையைப் பாக்கவே வேண்டாம். அப்பன் நடக்குற நடையைப் பாத்தே பிள்ளைக்கு என்ன சைஸ்னு சொல்லுவேன்.”

ஃபாஜில் கியரை மாற்றினான்.

*

கோயில் சின்னது. காவிரி பெரியது. ஆவணி மாதத் தண்ணீர் படித்துறையின் பாதிப்படி வரை செம்மண் நிறத்தில் ஏறி நின்றது. கரையில் வரிசையாகத் தென்னை, ஒரு வேப்பமரம், ஒரு கல் மண்டபம். ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் முன்பே வந்து, நிழலைப் பங்கு போட்டு முடித்திருந்தார்கள்.

“வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?” என்றாள் மதுவந்தி.

சொந்த அண்ணனை அதுவரை ‘வா, போ’ என்றவள். சீர் திரும்பிய நாளிலிருந்து அவனுக்கு இந்த மரியாதை. இதற்குப் பதில் அவள் ஒரு செருப்பை எடுத்து வீசியிருந்தால்கூட வாஞ்சிநாதன் அதை உறவு என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

“இருந்துச்சுங்க” என்றான் அவனும்.

குழந்தை யார் இடுப்பிலோ இருந்தது. அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வன்மம் என்பது விரதம் மாதிரி. இலையைப் பார்த்துவிட்டால் கலைந்துவிடும்.

பார்ப்பதற்கு வேறு காட்சி கிடைத்தது. தென்னையடியில் சேரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, ஒரு வாளியில் குழந்தையின் இடுப்புத்துணியை அலசிக்கொண்டிருந்தான். அலசினான். பிழிந்தான். உதறினான். அழுக்குத் தண்ணீரை எடுத்துத் தென்னை மரத்தடியில் ஊற்றினான். பிறகு மறுபடி ஆற்றில் மொண்டுகொண்டு வந்தான்.

வாஞ்சிநாதனுக்கு ஆள் கூட்டம் வேண்டியிருந்தது. தொண்டையைச் செருமினான். நிழலில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

“மாப்ள, ஆறு பக்கத்துலதானே ஓடுது? அதுல அலசினா யாரும் கோவிச்சுக்கவா போறாங்க?”

“ஆத்துல அலசினா கீழ குளிக்கிறவங்க மேல போகும் மச்சான்.”

“காவிரி. மேட்டூர்லேருந்து வருது. ஒரு பிள்ளையோட துணியைத் தாங்காதா அது?”

“எல்லாரும் ஒரு பிள்ளையோட துணின்னுதான் சொல்றாங்க” என்றான் சேரன், பிழிந்துகொண்டே.

“கேட்டுக்குங்க” என்று வாஞ்சிநாதன் நிழலைப் பார்த்துச் சொன்னான். “எங்க மாப்பிள்ளைக்குக் காலையில கலெக்டர் ஆபீஸ்ல வேலை. அதுக்கு முன்னாடி சலவைத் துறையில டூட்டி. அப்புறம் தென்னைக்கு உரம் போடுற விவசாயத் துறை.” கையைக் காற்றில் வைத்து அலசிக் காட்டினான். பிழிந்து காட்டினான். சேரன் செய்வதைப் போலவே சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு உதறியும் காட்டினான். கும்பகோணத்துப் பெரியப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சேரனும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் வாஞ்சிநாதனுக்குப் பிடிக்கவில்லை. அடிபடுகிறவன் ஒத்துழைக்கக் கூடாது.

பரவாயில்லை. அடுத்த அடி ஒத்துழைப்பு கேட்காத அடி.

வேப்பமரக் கிளையில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. குழந்தையின் துணி முழுதும் அதில்தான். சேரன் படியிறங்கியதும் வாஞ்சிநாதன் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவன் போல மரத்தடிக்குப் போனான். பழத்தட்டோடு போனவன் பழத்தட்டும் மஞ்சப்பையுமாகக் குட்டியானைக்கு வந்தான். ஃபாஜில் முன்சீட்டில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். ரிட்டன் பெட்டியை நகர்த்தி, அதற்குப் பின்னால் பையை அமுக்கி, பெட்டியைப் பழையபடி முட்டுக் கொடுத்தான். பெட்டியின் டேப்பைச் சாவியால் கிழித்து, கையை உள்ளே விட்டு, ஒரே ஒரு டயப்பரை உருவினான். பார்க்கக்கூட இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். புதுச் சட்டை, புது வேட்டி, மார்பில் தயார்நிலையில் பழி.

எட்டு மாதத்தில் அவனுக்கு அவ்வளவு நிம்மதியாக மூச்சு வந்ததில்லை.

*

நீலாயதாட்சி அவனை அதிகம் காக்க வைக்கவில்லை. பூசாரி மணியை எடுத்த நேரமாகப் பார்த்து நனைத்தாள்.

“பை எங்க?” என்றாள் மதுவந்தி.

“வேப்பமரத்துல மாட்டினேனே” என்றான் சேரன்.

தேடினார்கள். வேனில் தேடினார்கள், மண்டபத்தில் தேடினார்கள். “குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும்” என்றார் பெரியப்பா. “இந்தப் பக்கம் குரங்கு கிடையாதுங்க” என்றார் பூசாரி. வாஞ்சிநாதன் மண்டபத் தூணில் சாய்ந்து, சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, காத்திருந்தான். அவசரம் இல்லை. மாமன் மடி ஒன்று, மாற்றுத்துணி ஒன்று, இந்த இரண்டும் இல்லாமல் மொட்டை நடக்காது. ஒன்று தயார். இன்னொன்றுக்கு அவள் வாயைத் திறக்க வேண்டும்.

மதுவந்தி அவனைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். கைக்கு அடியில் சட்டைப் பை புடைத்திருந்ததைப் பார்த்தாள். ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தாள். வரும்போது லேசாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் அவனுடைய கோலிக்குண்டுகளைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தபோதும் இந்தச் சிரிப்புதான்.

நேராக அவனிடம் வரவில்லை. உறவுக்கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

“எல்லார்கிட்டயும் ஒரு பிச்சை கேக்குறேன். பிள்ளை பிறந்ததும் முதல்ல பழந்துணிதானே சுத்துவோம், நல்லா வாழ்ந்தவங்க உடுத்திப் பழசானது? இன்னிக்கு இவ மொட்டை போட்டுப் புதுசாப் பிறக்கப் போறா. ஆளுக்கொரு பழந்துணி குடுங்க. உங்க ஆசீர்வாதம் இவ இடுப்புல இருக்கட்டும்.”

டயப்பர் விளம்பரத்தில் இவ்வளவு நல்ல வாசகத்தை அவன் எழுதியதே இல்லை.

கூட்டம் எழுந்தது. பெரியப்பா தோளிலிருந்து துண்டை உருவினார். “காசியில வாங்கினது, பஞ்சு மாதிரி இருக்கும்.” ஒரு அத்தை மாற்றுச்சேலைக்காகக் கொண்டு வந்திருந்த சுங்குடியை ஓரத்தில் பல்லால் கடித்துக் கிழித்தாள். “என் கல்யாணத்துக்கு மறு வருஷம் எடுத்தது. இதைக் கட்டிக்கிட்டு நாலு பிள்ளை பெத்தேன். இவளும் பெறட்டும்.” “அதை அவளைக் கேட்டுச் சொல்றேன் அத்தை” என்று மதுவந்தி வாங்கிக்கொண்டாள். பூசாரி உள்ளே போய், சாமிக்குச் சாத்திக் களைந்த வேட்டியில் ஒரு முழம் கொண்டுவந்தார். எழுந்து வந்த ஃபாஜில்கூட முகத்தில் போட்டிருந்த கட்டம் போட்ட துண்டை நீட்டினான். “ஓமான்ல வாங்கினது. எம் பொண்டாட்டி சுமையா துவைச்சு வச்சது, இன்னிக்குத்தான் எடுத்தேன். ஆனா துண்டு திரும்ப வரணும். வரலைன்னா நான் வீட்டுக்குள்ள போக முடியாது.”

எச்சில் கையால் காக்கா ஓட்டாத மன்னார்குடிச் சித்தப்பா கைக்குட்டை கொடுத்தார்.

மதுவந்தி வரிசையாக வாங்கிக்கொண்டே வந்தாள். தூணருகே நின்றாள். வாஞ்சிநாதன் நிமிர்ந்தான்.

அவள் அவனுடைய வேட்டியை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“உங்களது வேண்டாங்க” என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “கடை மடிப்புகூடக் கலையலை. கஞ்சி மொடமொடன்னு நிக்குது. பிள்ளைக்கு உரசும்.”

அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

“பூசாரி, டிரைவர், சித்தப்பா கைக்குட்டை வரைக்கும் ஆசீர்வாதம் பண்ணியாச்சு” என்றார் பெரியப்பா, காவிரியைப் பார்த்தபடி. “தாய்மாமன் ஆசீர்வாதம் மட்டும் ரிட்டன்.”

சிரிப்பு மண்டபத்துக் கல்லில் மோதி இரண்டு முறை கேட்டது. பிரகதீஸ்வரி சிரிக்கவில்லை. கணவனை, சோதனைக் குழாயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாஞ்சிநாதன் ஒவ்வொரு முகமாகக் குறித்துக்கொண்டான். பெரியப்பா. அத்தை. சித்தப்பா. எல்லார் வீட்டிலும் பிள்ளை பிறக்கும். அன்றைக்கு இருக்கிறது.

*

மாமன் மடியில் உட்காரவைத்தார்கள்.

உட்காரவைத்தபோது வாஞ்சிநாதனுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. கனமாக இருந்தாள். கடைசியாக அவன் தூக்கியபோது நீலா ஒரு நெல்லுமரக்கால் அளவு. உள்ளங்கையில் தலை, முழங்கையில் கால். இப்போது இரண்டு தொடையிலும் பரவி உட்கார்ந்து, அவன் மோதிரத்தைப் பிடித்து, இது நல்ல பொன்தானா என்று பல்லால் சோதித்தாள். பல் இருந்தது. யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அவன் நேராகப் பார்த்துக்கொண்டான். விரதம்.

கத்தி பட்டதும் அழுவாள் என்று எல்லாரும் தயாராக இருந்தார்கள். அழவில்லை. தலையை அண்ணாந்து, மேலே தெரிந்த மாமன் முகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் இது என்ற பார்வை. முடி அவன் வேட்டியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. நடுவில் ஒருமுறை அவனையும் நனைத்தாள். சித்தப்பாவின் கைக்குட்டை அவரைப் போலவே சமயத்துக்கு உதவவில்லை. கடை மடிப்பு கலையாத வேட்டி ஒருவழியாகக் கலைந்தது.

சந்தனம் பூசினார்கள். இலை போட்டார்கள். மண்டபத்தின் அந்தப் பக்கம் பந்தி தொடங்கியது.

“பரிமாறணும். கொஞ்ச நேரம் வச்சிருக்கீங்களா?” என்று மதுவந்தி, தூங்கிப்போன மொட்டையை அவன் தோளில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள். இடுப்பில் புதிதாக ஃபாஜிலின் ஓமான் துண்டு.

மண்டபத்தின் இந்தப் பக்கம் அவனும் குழந்தையும்தான்.

கொஞ்ச நேரத்தில் தோளுக்குக் கீழே ஏதோ வெதுவெதுப்பாக நடந்தது. இந்த முறை ஒண்ணுக்கு மட்டும் இல்லை.

வாஞ்சிநாதன் சுற்றிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. மெல்ல அவன் முகம் மலர்ந்தது. இதைத்தானே கேட்டது? அவள் வாயால் கேட்காவிட்டால் போகட்டும். கட்டிவிட்டுப் பந்திக்கு நடுவில் தூக்கிக்கொண்டு போனால்? பெரியப்பா இலைக்கு எதிரில் நின்றால்? ஒரு போட்டோ எடுத்தால்? தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில், மதுவந்தி தினமும் ஏறும் இடத்துக்கு எதிரில், ஒரு ஃபிளெக்ஸ் வைத்தால்? ‘என் மருமகள் அணிவது பூங்குட்டி.’

குழந்தையை மடியில் கிடத்தி, ஓமான் துண்டை அவிழ்த்து ஓரமாக வைத்து, துடைத்து, சட்டைப் பையிலிருந்து டயப்பரை எடுத்து விரித்தான். அவன் கை கண்ணை மூடிக்கொண்டே கட்டும் கை. டெமோ காட்டிக் காட்டித் தேய்ந்த கை.

கட்டினான். ஒட்டும் பட்டை ஒட்டவில்லை.

இழுத்தான். இந்தப் பக்கத்துப் பட்டைக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் நீலாயதாட்சியின் வயிறு உருண்டையாக நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். நீலா விழித்துக்கொண்டு, இதென்ன என்று குனிந்து பார்த்தாள்.

அவன் டயப்பரைத் திருப்பிப் பார்த்தான். ‘எஸ்’ என்று இருந்தது. பிறந்த குழந்தைகளுக்கானது.

வேறென்ன இருக்கும்? தொட்டில் போட்ட நாளில் கொண்டுபோன பெட்டி. அன்று அது சரியான சைஸ். எட்டு மாதமாகக் கிடங்கில் பெட்டியும் வளரவில்லை, அவன் மனதில் குழந்தையும் வளரவில்லை. கோபம் மட்டும் எக்ஸ்எல் ஆகியிருந்தது.

அப்பன் நடையைப் பார்த்துச் சைஸ் சொல்கிறவன், முதல் முறையாகக் குழந்தையைப் பார்த்தான். தொடையில் மடிப்பு. முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து காய்த்த கறுப்பு. மேலே இரண்டு பல், கீழே இரண்டு. இதெல்லாம் அவன் இல்லாமலே நடந்திருக்கிறது. ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினாள் என்பதற்காக, அவன் ஒரு குழந்தையின் எட்டு மாதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

“எஃப்பூ” என்றாள் நீலா, டயப்பரைப் பிடுங்கி வாயில் வைத்து.

“வேண்டாம் தாயி. மக்காது” என்று வாங்கிக்கொண்டான். என்ன சொன்னோம் என்று ஒரு கணம் கழித்துத்தான் அவனுக்கே தெரிந்தது. நல்ல வேளை, தூணுக்குக் காது இல்லை.

*

அம்மணமான மருமகளை ஒரு கையிலும் அழுக்குத் துண்டை இன்னொரு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு, பந்தியின் பின்பக்கமாக வளைந்து, குட்டியானைக்கு ஓடினான். மஞ்சப்பையை எடுத்து, ஒரு துணியைக் கட்டி, பையை மரத்தில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. குரங்கு கொண்டுவந்து போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ரிட்டன் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பின்னால் கையை விட்டான்.

பை இல்லை.

பெட்டியை நகர்த்தினான். இல்லை. அப்போதுதான் கவனித்தான். அவன் சாவியால் கிழித்த டேப்பின் மேல் யாரோ புது டேப்பு ஒட்டியிருந்தார்கள். நேராக, சுருக்கமில்லாமல், ஓரம் அழுத்தி.

“பாய்” என்றான். “வண்டிகிட்ட யார் வந்தா?”

ஃபாஜில் டயருக்குப் பக்கத்தில் இலையோடு உட்கார்ந்து பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தான். “நான் தொடலை.”

“உன்னைக் கேக்கலை. யார் வந்தா?”

“அது மட்டும் கேக்காத வாஞ்சி. சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

“எப்ப?”

“நீ வச்சுட்டுப் போன சூட்டோட.”

வாஞ்சிநாதன் அதை இரண்டு முறை மனதில் போட்டுப் பார்த்தான். வைத்த சூட்டோடு என்றால், மதுவந்தி கூட்டத்தில் போய் ஆளுக்கொரு பழந்துணி கேட்பதற்கு முன்பு. அப்படியானால் துணி இல்லாமல் கேட்கவில்லை. துணியை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். இல்லையென்றால் வேறு யாரோ எடுத்து அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். டேப்பை இவ்வளவு நேராக ஒட்டுகிற கை எது? மதுவந்தி டேப்பையே வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டாளே. அதுவும் மக்காது.

யோசிக்க நேரமில்லை. நீலா அவன் புதுச் சட்டையை நனைக்க ஆரம்பித்திருந்தாள்.

அவன் உடம்பில் புதிதல்லாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சட்டையைக் கழற்றினான். அடியில் பனியன். கழுத்தோரம் நைந்து, முதுகில் ஓட்டை விழுந்து, பிரகதீஸ்வரி ஒவ்வொரு பொங்கலுக்கும் போகியில் போடப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அவன் காப்பாற்றி வைத்த பனியன். துவைத்துத் துவைத்துப் பூவாகியிருந்தது. கழற்றினான். முக்கோணமாக மடித்தான். கட்டினான். சரியாக இருந்தது.

“ரொம்ப வருஷம் உழைச்ச துணி” என்றான் ஃபாஜில், ஆமோதித்து. “நல்லா இருப்பா பிள்ளை. என் துண்டு எங்க?”

“இந்தா பிடி” என்று வாஞ்சிநாதன் நீட்டியது துண்டை இல்லை, குழந்தையை. வெறும் உடம்பில் சட்டையை மாட்டிக்கொண்டு, தென்னையடியில் கிடந்த வாளியைத் தாண்டி, துண்டோடு படித்துறைக்கு இறங்கினான்.

கூப்பிடு தூரத்தில், ஆறு இறங்கிப் போகும் திசையில், அடுத்த படித்துறை. முதல் பந்தி முடித்தவர்கள் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா குனிந்து ஆற்று நீரை இரண்டு கையாலும் அள்ளி வாய் கொப்பளித்தார். பக்கத்தில் சித்தப்பா. அத்தை முகத்தையே கழுவினாள். சற்று முன்னால் சிரித்த வாய்கள் அத்தனையும் வரிசையாக, ஆற்றை நோக்கித் திறந்து.

வாஞ்சிநாதன் கையில் துண்டு. துண்டில் நீலாயதாட்சி தாராளமாகக் கொடுத்தது. தண்ணீர் காலைத் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கம்தான் போனது. ஒரு முக்கு. ஒரே ஒரு முக்கு. யாரும் பார்க்கவில்லை. ஃபாஜில் குழந்தைக்குக் கொக்கு காட்டிக்கொண்டிருந்தான். பழிவாங்க விரும்புகிறவனுக்குக் காவிரி இதைவிட நல்ல சந்தர்ப்பத்தைக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

குனிந்தான்.

கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான்.

பிறகு நிமிர்ந்து, படியேறிப் போய், வாளியை எடுத்துக்கொண்டு வந்தான். ஆற்றில் மொண்டு, மேலே தூக்கிக்கொண்டு போய், தென்னையடியில் வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தினான். அலசினான். பிழிந்தான். வாளியைத் தென்னையடியில் ஊற்றினான். அங்கே மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. துண்டை மோந்து பார்த்தான். போதவில்லை. மறுபடி மொண்டு வந்தான். மறுபடி அலசினான். உதறும்போது சுண்டுவிரல் தானாகத் தூக்கிக்கொண்டது. அதை அவன் மடக்கப் பார்த்தான். மடக்கினால் உதற வரவில்லை.

காயப்போடக் கொடி இல்லை. குட்டியானையின் பக்கவாட்டில், மேல் கம்பியில் போட்டான். ஓமான் துண்டு நீளமான துண்டு. சிரிக்கிற குழந்தையின் நெற்றி வரை இறங்கி, ‘போதும் தாயே’வை மூடிக்கொண்டு, சொட்டியது. ‘துவைத்தது’ மட்டும் வெளியே தெரிந்தது.

அப்போது வண்டியின் பக்கக் கண்ணாடியில், மண்டபத் தூணுக்குப் பின்னால், மஞ்சளாக ஏதோ ஒன்று அசைந்தது. பை. பையைப் பிடித்திருந்த கையில் வளையல். யார் வளையல் என்று கண்ணாடிக்குள் தெரியவில்லை. திரும்பினால் தெரிந்துவிடும்.

வாஞ்சிநாதன் திரும்பவில்லை. துண்டின் ஓரத்தை இழுத்து, சுருக்கம் போக நீவிவிட்டான்.